டிஸ்சார்ஜ் புக்கில் இல்லாத யாழ்ப்பாணம்

சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் புக் பழுப்பேறிய அட்டையோடு இருக்கும். ரேஷன் கார்டு, காலனி வீட்டுப் பட்டா, ஓய்வூதிய ஆணை எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு மஞ்சப்பைக்குள் சுற்றி பீரோவின் மேல்தட்டில் வைத்திருப்பார். 1997-ல் பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவர். அதற்குப் பிறகு இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் புத்தகத்தை யாரும் முழுதாகப் படித்ததில்லை. அவரும்தான். முன்னாள் படைவீரர் என்பதற்கு அடையாளம் கேட்டால் முதல் பக்கத்தைக் காட்டுவார். போட்டோ இருக்கிறது, எண் இருக்கிறது, அது போதும்.

2023-ல்தான் அதைப் படிக்க வேண்டிய தேவை வந்தது. ராணுவ ஓய்வூதியம் முழுவதும் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறைக்கு மாறியபோது, ஓய்வூதியர்கள் தங்கள் விவரங்களைச் சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சித்தியின் பெயர் ஓய்வூதிய ஆணையில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருந்தது. அதைச் சரிசெய்ய மேலூரில் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தபோது, சும்மா இருக்கிறோமே என்று டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டினேன்.

பதக்கங்கள் என்ற இடத்தில் இரண்டே வரி. சைன்ய சேவா பதக்கம், ஒன்பதாண்டுப் பணிக்கான பதக்கம். வெளிநாட்டுப் பணி என்ற இடத்தில் ஆங்கிலத்தில் 'இல்லை' என்று ஒரு சொல்.

"சித்தப்பா, நீங்க யாழ்ப்பாணம் போனது இதுல இல்லையே?"

"நல்லாப் பாருடா. இருக்கும்."

"இல்ல சித்தப்பா."

வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வேட்டியை முழங்கால்வரை தூக்கி வலது கெண்டைக்காலைக் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்குத் தோல் சுருங்கிக் கிடக்கும் தழும்பு அது. "அப்ப இது எங்க வாங்குனதாம்?" என்று கேட்டார். கணினி முன்னால் இருந்த பெண் பிள்ளை என்ன சொல்வது என்று தெரியாமல் சிரித்தது.

தழும்பு எங்கே வாங்கியது என்பதற்கும் பதில் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, காயம் பற்றிய குறிப்பில் 'வாகன விபத்து' என்று எழுதியிருந்தார்கள். இடம் எழுதவில்லை.

நடந்தது இது. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதி காக்கப் போன படை, அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கியது. ஆபரேஷன் பவன் என்று பெயர். வடநாட்டிலிருந்து போன பட்டாலியன்களுக்கு முதல் தடையே மொழிதான். சோதனைச் சாவடியில் நிற்கும் ஆளிடம் பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்கக்கூட முடியவில்லை. தமிழ் தெரிந்த சிப்பாய்களைத் தேடிப் பிடித்து மற்ற யூனிட்களுக்கு அனுப்பினார்கள். சித்தப்பா அப்போது வடக்கே ஒரு யூனிட்டில் இருந்தார். 'உன்னை அட்டாச்மென்ட்டில் போட்டிருக்கிறது' என்று சொல்லி விமானத்தில் ஏற்றினார்கள். தாய் யூனிட் இந்தியாவிலேயே இருந்தது. ஆள் மட்டும் பலாலியில் இறங்கினார்.

அங்கே இருந்த மாதங்களைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். அந்தப் படை யாழ்ப்பாணத்தில் என்ன செய்தது என்பதைப் பற்றி அந்த ஊர்த் தமிழர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. யாழ் மருத்துவமனைக்குள் 1987 அக்டோபரில் நடந்த கொலைகளை அவர்கள் இன்றும் நினைவுநாளாக வைத்திருக்கிறார்கள். சித்தப்பா அதையெல்லாம் மறுத்துப் பேசுகிறவர் அல்ல. "நான் நடுவுல நின்னேன்டா. அவன் இந்தியில கேப்பான், நான் தமிழ்ல கேப்பேன். அந்தம்மா அழுகும். அதை இந்தியில என்னன்னு சொல்றது?" என்பார். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் அடிக்கடி சொல்வார். கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டிருக்கிறார். வயதான அம்மா ஒருவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி இந்தியாவிலை எந்த இடம்?" என்று கேட்டார். மதுரைப் பக்கம் என்று சொன்னார். "என்ன ஆக்கள்?" என்றார் அடுத்ததாக. என்ன சாதி என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சு அது. இவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பையன்தான் விளக்கினான். "கடலைத் தாண்டிப் போயும் அந்தக் கேள்வி மாறலைடா" என்று சொல்லிச் சிரிப்பார். தண்ணீர் கொடுத்தார்களா என்று நான் கேட்டதில்லை.

1988 தொடக்கத்தில் ரோந்து போன லாரி கண்ணிவெடியில் சிக்கியது. முன்சீட்டில் இருந்தவர்கள் இறந்துபோனார்கள். சித்தப்பாவுக்குக் காலில் இரும்புத் துண்டுகள். விமானத்தில் ஏற்றித் தமிழ்நாட்டு ராணுவ மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். நாலு மாதம் கழித்து நேராகத் தாய் யூனிட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். லாரி வெடித்ததை 'வாகன விபத்து' என்று யார் எழுதியது என்பது இனித் தெரியப்போவதில்லை. ஒரு வகையில் அது பொய்யும் அல்ல. லாரி கவிழ்ந்தது உண்மைதானே.

பார்ட் டூ ஆர்டர்

ராணுவத்தில் ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் எது நடந்தாலும் அது 'பார்ட் டூ ஆர்டர்' என்ற தினசரி உத்தரவில் வெளியாக வேண்டும். கல்யாணம், பிள்ளை பிறந்தது, விடுப்பு, பதவி உயர்வு, வெளிநாடு போனது, பதக்கம் பெற்றது, காயம்பட்டது எல்லாம். யூனிட்டில் இருக்கும் எழுத்தர் அதை வெளியிடுவார். ஒரு பிரதி அந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்குப் போகும். அங்கே சிப்பாயின் பதிவேட்டில் ஏறும். ஓய்வு பெறும் நாளில் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக்கை எழுதுகிறார்கள். உத்தரவு வெளியாகவில்லை என்றால் அந்தச் சம்பவம் நடக்கவில்லை.

சித்தப்பா விஷயத்தில், அனுப்பிய யூனிட் 'ஆள் இப்போது எங்களிடம் இல்லை' என்று விட்டுவிட்டது. பெற்றுக்கொண்ட பட்டாலியனுக்கு 'இவர் எங்கள் ஆள் இல்லை'. இரண்டுக்கும் நடுவில் உத்தரவு வெளியாகவே இல்லை.

இது சாதியால் நடந்தது என்று நான் எழுத மாட்டேன். அப்படி எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. அட்டாச்மென்ட்டில் போன பல பேருக்கு, எந்தச் சாதியாக இருந்தாலும், இது நடந்திருக்கும். ஆனால் தவறு நடந்தது வேறு, அதைத் திருத்திக்கொள்ள முடிந்ததா என்பது வேறு. பக்கத்து ஊரில், ஊர்த்தெருவில், இதே மாதிரி ஒருவருக்கு ஒரு பதக்கம் விட்டுப்போயிருந்தது. அவருடைய மச்சான் வேறொரு யூனிட்டில் எழுத்தர். ஓய்வு பெறுவதற்கு முன்பே சரியாகிவிட்டது. எங்கள் காலனியில் பட்டாளத்துக்குப் போன முதல் ஆள் சித்தப்பா. யாரிடம் கேட்பது, என்ன கேட்பது, கேட்கலாமா என்பதே தெரியாது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறியவர்.

அவர் ஊர் திரும்பிய அந்த 1997-ம் ஆண்டு ஜூன் 30-ல்தான் இதே மேலூர் வட்டத்தில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த நேரத்தில் பதக்கத்தை எண்ணிப் பார்க்கிற மனநிலையில் காலனியில் எவரும் இல்லை.

சட்டையும் சீருடையும்

பட்டாளம் என்பது நம் மக்களுக்கு வெறும் சம்பளம் அல்ல என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. அடுத்த ஆண்டு அந்தப் பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது. சாதி பற்றி எழுதிய ஆங்கிலேய அதிகாரி ஹட்டனின் நூலில் இந்தப் பட்டியல் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து இரண்டாம் உலகப் போர் வந்தபோது, அதே மாவட்டத்து இளைஞர்களுக்கு அரசாங்கமே சட்டையும் பூட்ஸும் கொடுத்து பர்மாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பியது. திரும்பி வந்தவர்கள் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. தியாகி இமானுவேல் சேகரனும் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர்தான். 1957 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் அவர் கொல்லப்பட்டது எல்லோருக்கும் தெரியும். 2010-ல் அவருக்கு அஞ்சல் தலை வெளிவந்தது.

ஆனால் பட்டாளத்துக் கதவு எப்போதும் திறந்தே இருந்ததில்லை. 1780-ல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படையிலும் பயனியர் படைகளிலும் பறையர் சமூகத்தினர் பெருமளவில் இருந்தார்கள். 1857-க்குப் பிறகு 'வீர இனம்' என்ற ஒரு கொள்கை வந்தது. வடமேற்கே இருக்கிறவன்தான் சண்டை போடுவான், தெற்கத்தியான் லாயக்கில்லை என்று மெட்ராஸ் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் போன்றவர்கள் எழுதினார்கள். எழுதியபடியே செய்தார்கள். சென்னை மாகாணக் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். மெட்ராஸ் பயனியர்கள் 1933-ல் கலைக்கப்பட்டார்கள். பம்பாய்ப் பக்கம் மகர்களுக்கு 1890-களில் கதவு அடைத்தபோது, ஓய்வுபெற்ற ராணுவக்காரரான கோபால் பாபா வலங்கர் 1894-ல் படைத் தளபதிக்கு மனு எழுதினார். எங்கள் முன்னோர் உங்களுக்காகச் செத்தார்களே, அந்தக் கணக்கைப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பாலும் சுபேதார்தான். 1941-ல் அம்பேத்கர் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்தபோதுதான் மகர் ரெஜிமென்ட் உருவானது. அந்த ரெஜிமென்ட்டின் எட்டாவது பட்டாலியனைச் சேர்ந்த மேஜர் பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25-ல் இலங்கையில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்றார். அமைதிப்படையில் கொடுக்கப்பட்ட ஒரே பரம்வீர் சக்ரா அது. வடக்கே சாமர் ரெஜிமென்ட் 1943-ல் தொடங்கி, பர்மா முனையில் சண்டை போட்டு, 1946-ல் கலைக்கப்பட்டது. அதைத் திரும்ப அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் மேஜையில் இருக்கிறது.

பதக்கத்திலேயே பாகுபாடு இருந்தது. முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சண்டை போட்டவர்களுக்கு வெள்ளியில். மூட்டை சுமந்த, ரோடு போட்ட இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். ஒரே கப்பலில் போய் ஒரே காய்ச்சலில் செத்தாலும் உலோகம் வேறு.

இறந்தவர்களின் பெயரிலும் அப்படித்தான். ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். அதில் இந்தியச் சாதாரணச் சிப்பாய்களின் பெயர்கள் கல்லில் கிடையாது. ரெஜிமென்ட் பெயருக்குக் கீழே 'இத்தனை பேர்' என்று எண் மட்டும் இருக்கும். பிரிட்டனின் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில், பெரும்பாலும் இந்திய, ஆப்பிரிக்க, எகிப்தியர்களான 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரே இல்லாமல் விடப்பட்டார்கள் என்றும் அந்த அறிக்கை சொன்னது. பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நூறு ஆண்டு கழித்து ஒரு சாம்ராஜ்யமே தன் பதிவேட்டைத் திருத்துகிறது. அந்தச் செய்தியைப் படித்த தைரியத்தில்தான் நான் சித்தப்பாவிடம், "எழுதிப் போடுவோம்" என்றேன்.

"எதுக்குடா? பென்ஷன் வருதுல்ல."

சித்திதான் பேசினார். "வருது. பள்ளிக்கூடத்துல கொடியேத்த அவரைக் கூப்பிடுறாங்க, இவரைக் கூப்பிடுறாங்க. உங்களை ஒரு வருஷம் கூப்பிட்டிருப்பாங்களா? நீங்க சண்டைக்கே போகலன்னு அந்த புக்கு சொல்லுது. பேரன் கேட்டா என்ன காட்டுவீங்க, காலையா?"

பணமும் இருக்கிறது. போரில் பட்ட காயத்துக்கு ஒரு ஓய்வூதியம், மற்றக் காயத்துக்கு ஒரு ஓய்வூதியம். சித்தப்பா மாதிரி பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கு இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம். 'கண்ணிவெடி' என்ற சொல்லுக்கும் 'வாகன விபத்து' என்ற சொல்லுக்கும் உள்ள தூரம் மாதாமாதம் வங்கிக் கணக்கில் தெரியும்.

முதல் மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஆவண அலுவலகத்துக்கு அனுப்பினோம். நாலு மாதம் கழித்து ஒரு பக்கப் பதில் வந்தது. வெளிநாட்டுப் பணி பற்றிப் பார்ட் டூ ஆர்டர் எதுவும் பதிவில் இல்லை, எனவே கோரிக்கையை ஏற்க இயலவில்லை. உத்தரவு போடாததுதான் எங்கள் புகார். உத்தரவு இல்லை என்பதையே பதிலாக அனுப்பியிருந்தார்கள்.

அடுத்து, பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் பதிவேட்டின் நகல் கேட்டோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், மனு எழுதும் முன் பதிவேட்டின் நகலை வாங்கிவிடுங்கள். நம் கையில் இருக்கும் புத்தகம் சுருக்கம்தான். அதில் இல்லாத வரிகள் பதிவேட்டில் இருக்கும். எங்களுக்கு ஒன்று கிடைத்தது. 1987 அக்டோபர் தேதியிட்டு, இன்ன பட்டாலியனோடு இணைக்கப்பட்டார் என்று ஒரு வரி. எங்கே என்று இல்லை. ஆனால் அந்தப் பட்டாலியன் அந்தத் தேதியில் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

இரண்டாவது ஆதாரம் சித்தியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது கொடுத்த சீட்டு. மாத்திரை எழுதின தாள் என்று நினைத்து வைத்திருந்தார். அதில் மருத்துவர் தெளிவாக 'கண்ணிவெடிச் சிதறல் காயம்' என்று எழுதியிருந்தார். கீழே கொண்டுவரப்பட்ட இடம் என்பதில் பலாலி.

மூன்றாவது, சாட்சி.

அதே பட்டாலியனில் அன்றைக்கு இருந்த ஒரு ஹவில்தார் எங்களுக்கு எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். ஊர்த்தெருக்காரர். லாரி வெடித்த அன்று இரண்டாவது வண்டியில் வந்தவர். சித்தப்பாவைத் தூக்கி வைத்துக் கட்டுப்போட்டவரும் அவர்தான். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். அப்போது சித்தப்பா அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டார். ஊருக்கு வந்தபின் அவர் தெருவில் போனால் 'ஐயா' என்றுதான் கூப்பிட வேண்டும். அதனாலேயே சித்தப்பா அந்தத் தெருப் பக்கம் போவதில்லை. இருபத்தைந்து வருஷமாக இருவரும் பேருந்தில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வதோடு சரி.

நான்தான் போன் செய்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "வீட்டுக்கு வர வேணாம்ப்பா. நான் மேலூர் வாரேன்" என்றார்.

மேலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு டீக்கடை. பேப்பர் கப் வந்த பிறகு இரட்டைக் குவளைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, அந்த மட்டில் நல்லதுதான். சித்தப்பா 'அண்ணே' என்றும் சொல்லவில்லை, 'ஐயா' என்றும் சொல்லவில்லை. "ஹவில்தார், நல்லாருக்கீங்களா?" என்றார். அவர் முதலில் கேட்டது, "கால் எப்படி இருக்கு?" என்று. பிறகு இருவரும் முன்சீட்டில் இருந்து செத்துப்போன டிரைவரைப் பற்றிப் பேசினார்கள். கேரளாக்காரப் பையன், கல்யாணம் ஆகி மூணு மாதம். அதைப் பேசும்போது இரண்டு பேருமே அழுதார்கள்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் வாக்குமூலம் தயாராக இருந்தது. படித்துப் பார்த்து ஒரு திருத்தம் சொன்னார். 'இரண்டாவது வண்டியில் இருந்தேன்' என்று நான் எழுதியிருந்தேன். "மூணாவது வண்டி. ரெண்டாவது வண்டி கொஞ்சம் முன்னாடியே நின்னுருச்சு. தப்பா எழுதக் கூடாது" என்றார். திரும்ப டைப் அடித்து, நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டார். போகும்போது, "இதை எங்க ஊர்ல யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்" என்றார். ஊர் பெயரை இங்கே நான் எழுதாததற்கு அதுதான் காரணம்.

அவரைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கையெழுத்துப் போட்டார். அது சிறிய விஷயம் இல்லை.

இந்த மூன்றையும் சேர்த்து மறுபடி அனுப்பினோம். எழுபது, எண்பது வயதுக்காரர்களிடம் குற்ற வழக்கில் கேட்பதுபோல் ஆதாரம் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 2001-ல் வந்த குர்தியால் சிங் வழக்கு. அது விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியம் பற்றியது, நேரடியாக நமக்குப் பொருந்தாது. இருந்தாலும் மனுவில் எழுதிவைத்தேன். ஐ.என்.ஏ.வில் இருந்த நம் ஊர் ஆட்கள் பலர், மலேயாத் தோட்டத்தில் பால்வெட்டப் போய் நேதாஜி படையில் சேர்ந்தவர்கள், இதே மாதிரிக் காகிதம் இல்லாமல் அலைந்தார்கள்.

2024 கடைசியில் பதில் வந்தது. ஆவண அலுவலகம் அந்தப் பட்டாலியனிடம் விளக்கம் கேட்டு, அவர்கள் பழைய பதிவைப் பார்த்து உறுதிசெய்திருக்கிறார்கள். முப்பத்தேழு ஆண்டு கழித்து ஒரு பார்ட் டூ ஆர்டர் வெளியானது. வெளிநாட்டுப் பணி: இலங்கை. தேதியிலிருந்து தேதிவரை. அந்தப் பணிக்கு உரிய பதக்கங்களும் பதிவில் ஏறின. கடிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னதும் சித்தப்பா, "தேதி சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். சரியாக இருந்தது. 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை திரும்பிவந்தபோது தமிழ்நாட்டில் முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதில் நியாயம் இருந்தது. சித்தப்பாவும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார். அவர் மாலை கேட்கவில்லை, தேதிதான் கேட்டார்.

காயம் பற்றிய கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. அன்றைய காய அறிக்கையில் வாகன விபத்து என்று இருப்பதால் மாற்ற இயலாது என்கிறார்கள். வெளிநாட்டில், சண்டை நடந்த இடத்தில், ரோந்து போகும்போது என்பதை ஒப்புக்கொண்டு, வெடித்ததை மட்டும் மறுப்பது என்ன கணக்கோ. இனி ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். நமக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. இவ்வளவு காலம் கழித்து வந்தால் தள்ளிவிடுவார்களே என்று பயப்பட வேண்டாம். ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி மறுக்க முடியாது. ஆனால் பழைய பாக்கி வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். தர்சேம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் ஒரு மாதப் பணம் போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று அதைவிட அவசரமானது. ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்த சிப்பாய்களின் ஆவணங்களை 25 ஆண்டு கழித்து அழித்துவிடலாம் என்று ராணுவ விதி இருக்கிறது. 'லாங் ரோல்' என்ற பெரிய பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு வரி மட்டும் மிஞ்சும். இரண்டாம் உலகப் போருக்குப் போய், போர் முடிந்ததும் அனுப்பிவிடப்பட்ட நம் தாத்தாக்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அந்த ஒரு வரியைத் தேடுவதற்கும் படை எண் வேண்டும். எண் இருந்தால், மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், சாப்பர்ஸுக்கும் பயனியர் படைக்கும் பெங்களூர் என்று ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத நிதியுதவி தருகிறது. அதற்கும் இந்த வரிதான் சான்று.

சித்தப்பாவின் கடிதம் வந்த செய்தி பரவியதிலிருந்து மஞ்சப்பையோடு ஆட்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர், அழகர்கோவில் ரோட்டிலிருந்து இருவர். ஒருவரிடம் அப்பாவின் போட்டோ மட்டும் இருந்தது. தொப்பியில் சின்னம் தெரிகிறது, எந்தப் படை என்று சித்தப்பா கண்டுபிடித்துச் சொன்னார்.

போன வாரம் வந்தது எங்கள் காலனியிலேயே மூன்றாம் வீட்டுப் பாட்டி. தொண்ணூறைத் தாண்டியவர். பாட்டியைக் கட்டுவதற்கு முன்பே அவர் வீட்டுக்காரர் பர்மா சண்டைக்கு ரோடு போடப் போய்வந்தவர். பயனியர் படையாக இருக்க வேண்டும். இறந்து நாற்பது வருஷம் ஆகிறது. காகிதம் எல்லாம் பழைய கூரைவீடு எரிந்தபோது போய்விட்டது.

"நம்பர் ஏதாவது தெரியுமா ஆத்தா?" என்று சித்தப்பா கேட்டார். "அவருக்குன்னு ஒரு நம்பர் குடுத்திருப்பாங்க."

பாட்டி யோசித்தார். "சாப்புடுற தட்டுக்கு அடியில ஏதோ கீறி வச்சிருப்பாரு. யாரும் எடுத்துறக் கூடாதுன்னு. அலுமினியத் தட்டு."

"அது எங்க இப்ப?"

"பேரன் வீட்டுல. சோழவந்தான்ல. கோழிக்குத் தண்ணி வைக்கிறாங்க."

ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் போகிறோம்.